கொரியாவில் வீகனாக இருந்துகொண்டு அந்த ஊர்ச் சாப்பாட்டையே சாப்பிட முடியுமா?

கேள்வி இதுதான்: "நான் வீகனாகி (பால், முட்டை, தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடுவதில்லை) ஐந்து வருடம் ஆகிறது. வருகிற மார்ச்சில் இரண்டு வருட ஆராய்ச்சிப் பணிக்காகத் தென் கொரியாவின் தேஜோன் நகரத்துக்குப் போகிறேன். அறையில் சமைத்துக்கொள்வேன், அதில் பிரச்சினை இல்லை. வெளியே போனால் வீகன் கஃபேயில் பர்கரும் பாஸ்தாவும் சாப்பிட்டுக் காலம் தள்ளாமல், கொரியர்கள் காலங்காலமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட ஆசை. அது நடக்கிற காரியமா?"

நடக்கும். நான் தேஜோனில் ஏழு வருடம் இருந்தேன், அதில் ஐந்து வருடம் வீகனாக. முதல் ஆறு மாதம் திண்டாடினேன். அதற்கப்புறம் வயிறும் மனதும் நிறையச் சாப்பிட்டேன். இடையில் மாறியது ஒரே ஒரு விஷயம். கடையில் மாட்டியிருக்கும் பட்டியலில் பண்டத்தின் பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அது எந்தத் தண்ணீரில் வேகிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன். மீதியெல்லாம் அதிலிருந்து வந்துவிடும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. நம் ஊரில் வீகனாக இருப்பதில் பெரிய தொல்லை பால்தான், உங்களுக்கே தெரியும். காபி, மோர், நெய், பாயசம் என்று எங்கே திரும்பினாலும் பால். கொரியாவின் பழைய சமையலில், அரண்மனையில் செய்த ஒரு பால் கஞ்சி மாதிரி அபூர்வமான சிலவற்றை விட்டால், பாலுக்கு இடமே இல்லை. தயிர் இல்லை, நெய் இல்லை, வெண்ணெய் இல்லை. வாசனைக்கு வறுத்த எள்ளின் எண்ணெய், அல்லது துல்க்கே என்னும் பெரில்லா (துளசி இனச் செடி) விதையின் எண்ணெய். உப்புக்கும் ருசிக்கும் கன்ஜாங் (சோயா சாஸ்), தென்ஜாங் (சோயாப் பசை), கொச்சுஜாங் (மிளகாய்ப் பசை). மூன்றுக்கும் அடிப்படை சோயா. வேகவைத்த சோயாவை இடித்துக் கட்டியாகப் பிடித்து, வைக்கோலில் கட்டித் தொங்கவிட்டுப் பூசணம் பிடிக்க வைத்து, மண் ஜாடியில் உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சில வாரங்கள் கழித்துப் பிரித்தால் திரவம் கன்ஜாங், கட்டி தென்ஜாங். இந்த ஜாங் செய்யும் கலையை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆக, அந்த ஊர் ருசியின் அஸ்திவாரமே செடியிலிருந்து வந்ததுதான்.

சிக்கல் கடலிலிருந்து வருகிறது. நாம் சாம்பாருக்கு முதலில் பருப்பை வேகப்போடுவது போல, அங்கே காய்ந்த நெத்திலியைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைப்பதில்தான் பாதிச் சமையல் தொடங்குகிறது. கூடவே தாஷிமா என்ற தடித்த கடற்பாசித் துண்டு ஒன்று. பத்துப் பதினைந்து நிமிடத்தில் நெத்திலியை அரித்து எறிந்துவிடுவார்கள். உங்கள் முன்னால் கிண்ணம் வரும்போது துபுவும் (அதாவது டோஃபு) சுக்கினியும் காளானும்தான் மிதக்கும். பார்த்தால் சுத்த சைவம். "இதில் மீன் இருக்கிறதா?" என்று கேட்டால், சமைத்தவர் மனதார "இல்லை" என்பார். பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது மீன் இல்லை, யுக்சு. குழம்புக்கான தண்ணீர், அவ்வளவுதான்.

இறைச்சிக்கு அங்கே 'கோகி' என்று பெயர். எல்லா வழிகாட்டிகளும் "கோகி சாப்பிட மாட்டேன் என்று சொல்லுங்கள்" என்று முடித்துவிடுகின்றன. நானும் அதை மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். போன முதல் மாதம், ஒரு சின்னக் கடையில் பிபிம்பாப் (மேலே காய்கறி வைத்துப் பிசைந்து சாப்பிடும் சோறு) கேட்டு, "கோகி வேண்டாம்" என்றேன். கடைக்கார அம்மா சரி சரி என்று உள்ளே போனார். வந்த கிண்ணத்தில் மாட்டிறைச்சி இல்லை. அந்தக் குறை தெரியக்கூடாதென்று முட்டை ஒன்றுக்கு இரண்டாகப் பொரித்து வைத்து, ஓரத்தில் டின்னில் அடைத்த சூரை மீனும் ஒரு கரண்டி வைத்திருந்தார். பாவம், பிள்ளை வெறும் காய்கறியைத் தின்கிறதே என்ற அக்கறை. பக்கத்தில் தொடுகறியாக வதக்கிய சுக்கினி இருந்தது. சரி, இதையாவது சாப்பிடலாம் என்று எடுத்தால், ஒரு துண்டின்மேல் அரிசி நீளத்துக்கு வெளிர்சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. பூண்டுத் தோல் என்று நினைத்துக் குச்சியால் புரட்டினேன். கறுப்பாக இரண்டு புள்ளிகள். கண்கள்.

அது சேவுஜொத், உப்பில் புளிக்கவைத்த பொடி இறால். சுக்கினி வதக்கும்போது உப்புக்குப் பதில் அதைத்தான் போடுவது வழக்கம். கிம்ச்சி என்ற புளிக்கவைத்த காய்கறி ஊறுகாயிலும் இதே கதை. முட்டைக்கோசு, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி என்று எல்லாம் நமக்குத் தோதானவை, கடைசியில் இந்த இறாலும் நெத்திலிச் சாறும் விழும். இப்படி உப்பில் ஊறிய கடல் பண்டங்களுக்கெல்லாம் பொதுப் பெயர் ஜொத்கல். காரமில்லாத வெள்ளைக் கிம்ச்சி, அதாவது பேக்-கிம்ச்சி, சைவம் என்று பலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம், அதிலும் ஜொத்கல் இருக்கும். தோங்ச்சிமி என்ற முள்ளங்கித் தண்ணீர்க் கிம்ச்சி பல வீடுகளில் வெறும் உப்பில்தான் ஊறுகிறது, அது கேட்டுப் பார்க்கத் தகுந்தது. கன்ஜாங்கில் ஊறவைத்த ஜாங்காஜி ஊறுகாய்கள் கிடைத்தால் விடாதீர்கள். பூண்டு, மிளகாய், பெரில்லா இலை என்று எதை வேண்டுமானாலும் அப்படிப் போடுவார்கள். சோற்றுக்கு அதுவே போதும்.

இந்த யுக்சு, ஜொத்கல் இரண்டும் பிடிபட்டுவிட்டால் கடைகளை வாசலிலேயே தரம் பிரிக்கலாம். தண்ணீராக வருவது எதுவாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்: ஜிகே (கெட்டிக் குழம்பு), குக் (சூப்), கல்குக்சு (சூடான நூடுல்ஸ் சூப்), நெங்மியொன் (குளிர்ந்த நூடுல்ஸ்). தென்ஜாங் ஜிகே பெயரளவில் சோயாக் குழம்பு, கிண்ணத்துக்குள் நெத்திலியோ மட்டியோ மாட்டிறைச்சியோ இருக்கும். நெங்மியொன் குளிர்ந்த தண்ணீர், ஆனால் பெரும்பாலும் மாட்டிறைச்சி வேகவைத்த தண்ணீர். தொக்பொக்கி என்ற காரமான அரிசிமாவுத் துண்டுப் பண்டத்தின் சிவப்புச் சாறும் நெத்திலித் தண்ணீரில்தான், அதோடு மீன் கேக்கும் அதிலேயே கொதிக்கும். நீங்கள் போகும் தேஜோன் கல்குக்சுவுக்குப் பெயர் போன ஊர், தெருவுக்கு ஒரு கடை இருக்கும். துபு துருச்சிகி என்று காரமான துபுக் கறி வேறு அந்த ஊரின் சிறப்பு. பெயரில் துபு இருக்கிறதே என்று நான் பாய்ந்து போய் ஏமாந்தது அதில்தான். கேட்காமல் உட்காராதீர்கள்.

இதுவரை சொன்னதைப் படித்து மனம் தளர்ந்திருந்தால், இனி வருவதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன்.

கொரியாவுக்குள்ளேயே, ஆயிரம் வருடத்துக்கு மேலாக, இறைச்சியும் மீனும் இல்லாமல் சமைத்து வந்த ஒரு முழுச் சமையல் மரபு இருக்கிறது. சாச்சல் உம்ஷிக், கோயில் சாப்பாடு. பௌத்த மடங்களின் சமையல். உயிரைக் கொன்று வருவது எதுவும் கிடையாது. அதோடு ஓஷின்ச்சே என்று ஐந்து காட்டமான பொருட்களையும் விலக்குவார்கள்: பூண்டு, வெங்காயத்தாள், பூச்சு என்ற பூண்டுப்புல், தல்லே என்ற காட்டு வெங்காயம், ஹுங்கோ. இந்த ஹுங்கோ வேறொன்றும் இல்லை, நம் பெருங்காயம். கொரிய மண்ணில் அது விளையாது. பொருள் போகாத ஊருக்கு அதன் விலக்கு மட்டும் பௌத்தத்தோடு போய்ச் சேர்ந்திருக்கிறது. எனக்கு அதைக் கேட்ட அன்று ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

நெத்திலி இல்லாமல் ருசிக்கு என்ன செய்வார்கள் என்றுதானே கேட்பீர்கள்? காய்ந்த ஷிட்டாகே காளானும் தாஷிமாவும் ஊறிய தண்ணீர், பெரில்லா விதை அரைத்த பால், வருடக்கணக்கில் பழகிய கன்ஜாங். அவ்வளவுதான். பெரில்லா பால் விட்டுச் செய்த காளான் குழம்பை ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். தேங்காய்ப்பால் விட்ட நம் சொதி கண்முன் வரும், ஆனால் வாசனை முற்றிலும் வேறு. கிம்ச்சியிலும் ஜொத்கல் இருக்காது. அந்த நாட்டில் கேள்வி கேட்காமல் கிம்ச்சி சாப்பிட்டது எனக்குக் கோயிலில்தான்.

இந்தச் சமையலை உலகம் கவனித்தது ஜொங்க்வான் சுனிம் என்ற பிக்குணியால். தெற்கு ஜொல்லா மாகாணத்தில் பேக்யாங்சா கோயிலைச் சேர்ந்த ஒரு சிறு மடத்தில் இருப்பவர். 2017-ல் நெட்ஃப்ளிக்ஸ் சமையல் தொடர் ஒன்றில் அவரைப் பற்றிய பகுதி வந்த பிறகு வெளிநாட்டவர் தேடி வர ஆரம்பித்தார்கள். சியோலில் ஜொகியேசா கோயிலுக்கு எதிரே 'பாரு கோங்யாங்' என்ற உணவகத்தை ஜொகியே பௌத்தப் பிரிவே நடத்துகிறது. உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷ்லின் வழிகாட்டி சியோலுக்கென்று முதலில் வந்தபோதே, அதாவது 2017 பதிப்பில், அது ஒரு நட்சத்திரம் வாங்கியது. முன்பதிவு செய்துகொண்டு போங்கள். விலை அதிகம்தான், அம்மா அப்பா பார்க்க வரும்போது அழைத்துப் போகத் தகுந்த இடம். கோயில் சாப்பாட்டிலும் சில இடங்களில் தேன் சேரும், சில நகரத்து உணவகங்களில் பாலும் எட்டிப்பார்க்கும். முன்பதிவின்போதே 'வீகன்' என்று சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் நான் உங்களை முதலில் அனுப்ப நினைப்பது நட்சத்திர உணவகத்துக்கு இல்லை, மலையடிவாரத்துக்கு. கொரியாவின் பழைய கோயில்கள் பெரும்பாலும் மலைமேல். கோயிலுக்கு ஏறும் வழியில், பஸ் நிறுத்தத்துக்கும் முதல் வாசலுக்கும் நடுவே, வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும். அங்கே கேட்க வேண்டியது சான்ச்சே பிபிம்பாப். சான்ச்சே என்றால் மலைக் கீரை. சோற்றின்மேல் பெரணிக் குருத்து, தோராஜி கிழங்கு, ச்சுவினமுல் கீரை, முளைகட்டிய சோயா, காளான் என்று தனித்தனியாகப் பதப்படுத்தி வட்டமாக வைத்துத் தருவார்கள். நகரத்து பிபிம்பாப்பில் மாட்டிறைச்சி கட்டாயம் மாதிரி, சில கடைகளில் கொச்சுஜாங்கையே கொத்துக்கறியோடு வதக்கியிருப்பார்கள். மலையடிவாரத்தில் முட்டையை மட்டும் வேண்டாம் என்றால் பெரும்பாலும் வேலை முடிந்தது. கூட வரும் தென்ஜாங் குழம்பைத் தொடாமல் நகர்த்தி வையுங்கள், அதில் நெத்திலி இருக்கும். தேஜோனிலிருந்து கெரியொங்சான் மலை நகரப் பேருந்து தூரம்தான். அங்கே தோங்ஹாக்சா என்று பிக்குணிகள் தங்கிப் படிக்கும் கோயில் இருக்கிறது. அந்த வாசல் தெருவில் சனிக்கிழமை மதியம் எத்தனை முறை சாப்பிட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

அந்தக் கடைகளில் பெரணிக் குருத்தை நிதானமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் நூல்கண்டு மாதிரி கிடக்கும். வசந்தத்தில் பறித்து, வேகவைத்து, வெயிலில் காயவைத்து, வேண்டும்போது ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுபடி வேகவைத்து, கன்ஜாங்கும் பெரில்லா எண்ணெயும் விட்டு வதக்குவார்கள். நம் வற்றல் பக்குவம் தெரிந்த நாக்குக்கு அதன் அருமை சட்டென்று புரியும். இப்படிக் கீரை, தண்டு, வேர் எதுவானாலும் பதமாக வெந்து எண்ணெயும் உப்பும் பிடித்து வந்தால் அதற்கு நமுல் என்று பெயர். கொரியச் சமையலில் எனக்கு மிகவும் பிடித்த சொல் அதுதான்.

கிழக்கே கங்வொன் மாகாணம் இன்னொரு நல்ல இடம். மலைநாடு, நெல் குறைவு. அதனால் உருளைக்கிழங்கு, மெமில் என்ற பக்வீட், காட்டுக் கீரை என்று ஏழைகள் பிழைத்த சாப்பாடு, இன்று தேடிப் போய்ச் சாப்பிடுகிறார்கள். ஜொங்சொன் பக்கம் கொந்துரே-பாப் கேளுங்கள். கொந்துரே ஒரு முள்செடியின் இளங்கீரை. அதை அரிசியோடு சேர்த்துப் பெரில்லா எண்ணெய் விட்டுப் பொங்குவார்கள், மேலே கன்ஜாங் ஊற்றிப் பிசைய வேண்டியதுதான். கம்ஜாஜொன் உருளைக்கிழங்கைத் துருவி வார்த்த அடை, கிழங்கும் உப்பும் தவிர பெரும்பாலும் வேறெதுவும் இருக்காது. சந்தையில் ஒரு பாட்டி, மெமில் மாவை நீர்க்கக் கரைத்து, உப்பிட்ட முட்டைக்கோசு இலையைக் கல்லில் விரித்து, அதன்மேல் மாவை வலைபோல ஊற்றி வார்ப்பதைப் பார்த்தால் உங்கள் கால் நகராது. மாவை அப்படி ஊற்றுகிற லாவகம், அச்சு அசல் நம் ரவா தோசைதான். கங்னுங் கடற்கரையில் ச்சோதாங் என்ற கிராமம், அங்கே துபுவைக் கடல்நீர் விட்டுத் திரிப்பார்கள். காரமில்லாத வெள்ளை சுந்துபு கேட்டால் சூடாக, உறைந்தும் உறையாமலும் ஒரு கிண்ணம் வரும், மேலே கன்ஜாங் ஒரு கரண்டி. சிவப்பாக வரும் சுந்துபு ஜிகே வேறு, அதில் மட்டியும் முட்டையும் இருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சியோலுக்குப் போனால் குவாங்ஜாங் சந்தையில் பின்தெதொக் சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். ஊறவைத்த பாசிப்பயறைக் கல் எந்திரத்தில் கண்முன்னே அரைத்து, எண்ணெய் தளும்பும் கல்லில் வார்ப்பார்கள், கிட்டத்தட்ட பெசரட்டு. ஆனால் மாவில் கிம்ச்சி கலப்பதும் பன்றி இறைச்சி சேர்ப்பதும் உண்டு. கடைக்குக் கடை மாறும். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இனி நகரத்துக்குள் அன்றாடம். ஜூன் வந்தால் கோங்குக்சு. சோயாவை வேகவைத்து அரைத்த குளிர்ந்த பாலில் நூடுல்ஸ். தண்ணீரைச் சந்தேகப்படு என்றேன் அல்லவா, அந்த விதிக்கு இது நல்ல விலக்கு, ஏனென்றால் தண்ணீரே சோயாதான். சில கடைகளில் பசும்பாலும் கலப்பார்கள், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மேலே பாதி முட்டை இருந்தால் வேண்டாம் எனலாம். சியோல் பக்கம் உப்புப் போட்டுச் சாப்பிடுவார்கள், ஜொல்லா பக்கம் சர்க்கரை. நான் உப்புக் கட்சி. குளிர்காலத்தில் இதே இடத்துக்குப் பாத்-கல்குக்சு வரும், செம்பயறை வேகவைத்து மசித்த கூழில் நூடுல்ஸ். பாத்ஜுக் என்ற செம்பயற்றுக் கஞ்சி, டிசம்பரில் வருடத்தின் மிக நீண்ட இரவு வரும் நாளின் சம்பிரதாயம். அன்று கோயில்களில் எல்லோருக்கும் ஊற்றுவார்கள். உள்ளே வெள்ளையாக மிதக்கும் உருண்டை பசையரிசி மாவு, பயப்பட வேண்டாம்.

தேஜோனின் கூஜுக் பக்கம் தோத்தோரிமுக் பிரபலம். ஓக் மரக் கொட்டையின் மாவைக் கிளறி உறையவைத்த பழுப்பு நிறக் கட்டி, அல்வா மாதிரி ஆடும். லேசான துவர்ப்பு. காய்கறியோடு கன்ஜாங், மிளகாய்த்தூள், எள்ளெண்ணெய் போட்டுப் பிரட்டி வரும் 'முச்சிம்' கேளுங்கள். தண்ணீரில் மிதக்க வரும் முக்-பாப்பில் நெத்திலி யுக்சு இருக்கலாம்.

அவசரப் பசிக்கு கிம்பாப், கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு. ஆர்டர் கொடுத்த பிறகு சுருட்டும் சின்னக் கடையாகப் பாருங்கள், கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் கடை வேண்டாம். ஹேம், கேரான், மட்சல், ஓமுக், அதாவது பன்றிக்கறித் துண்டு, முட்டை, நண்டுக் குச்சி, மீன் கேக், இவை நான்கையும் எடுத்துவிடச் சொல்லி, அந்த இடத்தில் கேரட்டும் கீரையும் கன்ஜாங்கில் வெந்த பர்டாக் வேரும் கூடுதலாக வைக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் சுருட்டித் தருவார்கள். இனிப்புக்குத் தொக் கடை. அரிசி மாவுப் பண்டங்கள், கிட்டத்தட்ட எல்லாமே நமக்குத் தோதானவை. வறுத்த சோயாமாவில் புரட்டிய இன்ஜொல்மி காலையில் வாங்கினால் வெண்ணெய் மாதிரி இருக்கும், சாயங்காலம் ரப்பர். தெருவில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கஷ்கொட்டை. தெருவோர அண்டாவில் வேர்க்கடலை மாதிரி ஒன்று வேகும், வாங்கிவிடாதீர்கள். அது பொன்தெகி, பட்டுப்பூச்சியின் கூட்டுப்புழு.

வேலைக்குப் போவதால் ஹோயிஷிக் பற்றியும் சொல்ல வேண்டும். ஆய்வகம் மொத்தமும் பேராசிரியரோடு போகும் ராத்திரி விருந்து, பெரும்பாலும் மேசை நடுவில் இறைச்சி சுடும் கடை. நழுவ முடியாது, நழுவவும் வேண்டாம். அங்கே லெட்டூஸும் பெரில்லா இலையும் கூடை கூடையாக வரும். சோறு தனியாகக் கேளுங்கள், பெரிய விலை இருக்காது. இலையில் சோறு, பச்சைமிளகாய், பூண்டு, ஸாம்ஜாங் என்ற காரச் சோயாப் பசை வைத்து மடித்து வாயில் போட்டால் அதுவே ஒரு சாப்பாடு. காளானைச் சுடுவதற்குமுன் தனித் தகடு கேட்கலாம். முக்கியமாக, முதல் வாரத்திலேயே ஆய்வகத்தில் மூத்த மாணவர் ஒருவரிடம் உங்கள் சாப்பாட்டு விஷயத்தைச் சொல்லி வையுங்கள். கடை பிடிப்பது அவர்தான். எங்கள் ஆய்வகத்தில் ஒரு வருடம் கழித்து, நான் கேட்காமலே, மூன்றில் ஒரு விருந்து துபுக் கடைக்கு மாறியது.

பேச்சுக்கு வருவோம். கடைக்காரப் பெண்மணியை 'இமோ' என்று கூப்பிடலாம், தாயுடன் பிறந்தவள் என்று அர்த்தம், நம் சித்தி. உட்கார்ந்தவுடன், தொடுகறித் தட்டுகள் வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள். பன்னிரண்டிலிருந்து ஒரு மணிக்குள் போனால் யாருக்கும் கேட்க நேரமிருக்காது, ஒன்றேகாலுக்குப் போங்கள். "கோகி, செங்சொன், ஹேமுல், கேரான், உயு அன் மொகொயோ": இறைச்சி, மீன், கடல் பண்டம், முட்டை, பால் சாப்பிட மாட்டேன். "ம்யொல்ச்சி யுக்சுயெயோ?": நெத்திலித் தண்ணீரா? "ஜொத்கல் துரொகாயோ?": ஜொத்கல் சேருமா? "ப்பே ஜுசெயோ": எடுத்துவிடுங்கள். இன்னொன்று எனக்குப் பலமுறை கைகொடுத்தது: "மெங்முல்லோ க்குரியொ ஜுசெயோ", வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்துத் தாருங்கள். கூட்டமில்லாத நேரத்தில் வெறும் தண்ணீரில் தென்ஜாங் கரைத்து, துபு போட்டு எனக்கென்று தனியாக வைத்துத் தந்த இமோக்கள் உண்டு.

வீகன் என்ற சொல் இளைஞர்களுக்கு இப்போது தெரியும். ஐம்பது அறுபது வயதுக்காரர்களிடம் அதைவிட வேகமாக வேலை செய்வது, "சுனிம்ச்சொரொம் மொகொயோ". பிக்குகளைப் போலச் சாப்பிடுகிறேன். சொன்ன மாத்திரத்தில் அவர்களுக்கு முழுதும் விளங்கிவிடும், முகமும் மலர்ந்துவிடும். நெத்திலி கூடாது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அலர்ஜி என்று பொய் சொல்லச் சிலர் ஆலோசனை தருவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உண்மையிலேயே அலர்ஜி உள்ளவர் அதே கடைக்கு நாளை வருவார். உங்கள் உச்சரிப்பு பழகும்வரை, கூட வேலை செய்யும் கொரியர் ஒருவரிடம் இந்த வாக்கியங்களை ஒரு சின்ன அட்டையில் கையால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனை நீட்டுவதைவிடக் கையெழுத்துக்கு மரியாதை அதிகம்.

பொட்டலப் பண்டம் வாங்கும்போது பின்பக்கம் தனி நிறக் கட்டத்தில் அலர்ஜிப் பொருட்கள் அச்சாகியிருக்கும். முட்டை, பால், இறால், மாட்டிறைச்சி எல்லாம் அதில் வரும். நெத்திலி அந்தச் சட்டப் பட்டியலில் இல்லை. தேனும் இல்லை. ஆகவே கட்டம் சுத்தமாக இருந்தாலும் மேலே உள்ள முழுச் சேர்மானத்தையும் படிக்க வேண்டும். கடையில் 'ஜிகே தென்ஜாங்' என்று விற்பதில் நெத்திலி, மட்டிப் பொடி கலந்திருக்கலாம். வெறும் தென்ஜாங் வாங்குங்கள்.

எவ்வளவு கேட்டாலும் ஏதாவது ஒரு நாள் ஒரு துளி யுக்சு உள்ளே போகத்தான் செய்யும். எங்கே கோடு போடுவது என்பது உங்கள் முடிவு. நான் எனக்கு வைத்துக்கொண்டது இது: வாயைத் திறந்து கேட்பேன், தெரிந்து சாப்பிட மாட்டேன், தெரியாமல் நடந்ததற்காக யாரிடமும் சண்டை போட மாட்டேன். கிம்ச்சி எனக்கு வேண்டாம் என்றால் தட்டு வரும்முன்பே சொல்லிவிடுவேன், வந்த பிறகு வீணாகக் கூடாது.

மார்ச்சில் இறங்குகிறீர்கள், நல்ல நேரம். வசந்தக் கீரைகள் வரத் தொடங்கும் மாதம். சந்தையில் நெங்கியும் மாசிப்பச்சை போன்ற ஸ்ஸுக்கும் குவிந்து கிடக்கும். ஏப்ரலில் துருப் என்ற மரக் குருத்து வரும், வெந்நீரில் முக்கி எடுத்து வினிகர் கலந்த கொச்சுஜாங்கில் தொட்டுச் சாப்பிடுவார்கள். மே மாதத்தில் பெரும்பாலும் புத்தர் பிறந்தநாள் வரும், சந்திர நாட்காட்டியில் நாலாம் மாதம் எட்டாம் நாள், அரசு விடுமுறை. அன்று எந்தக் கோயிலுக்குப் போனாலும் மதத்தைக் கேட்காமல், ஊரைக் கேட்காமல் பிபிம்பாப் போடுவார்கள், இறைச்சியோ முட்டையோ மீனோ இல்லாதது. சாப்பிட்ட கிண்ணத்தை நாமே கழுவி வைக்க வேண்டும். கோயிலில் மதியச் சாப்பாடு சீக்கிரம் ஆரம்பித்துவிடும். பதினொன்றரைக்கு முன்பே வரிசையில் நின்றுவிடுங்கள், பிந்திப் போனால் பெரணிக் குருத்து தீர்ந்திருக்கும்.